இல்லாத எர்ரர்

பீம்ராவுக்கு ஹுமாயூனோடு பேச வேண்டும் போல இருந்தது. இது ஒரு பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். போனை எடுத்து நம்பரை அழுத்தினால் பெங்களூரில் மணியடிக்கப் போகிறது, அவன் எடுக்கப் போகிறான். ஆனால் சில ஆம்பிளைகளுக்குக் காரணம் இல்லாமல் போன் பண்ணத் தெரியாது. ‘சும்மாதான் பண்ணேன்’ என்று சொல்வதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிடும். பீம்ராவ் அந்த ரகம். அவனை மட்டும் சொல்லி என்ன, ஹுமாயூனும் அந்த ரகம்தான்.

இருவரும் திருவொற்றியூர் காலடிப்பேட்டையில், ஒரு பிளைவுட் கடைக்கு மேல்மாடியில் இருந்த கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். கம்பெனி என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. ரெண்டு ரூம், நாலு மேஜை, எத்தனை தடவை துடைத்தாலும் மறுபடி வந்து உட்காரும் கரித்தூள். மணலி, எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு, பாய்லரில் நீராவியின் அழுத்தம் ஏறுவதையும் இறங்குவதையும் சின்னத் திரையில் கோடாக வரைந்து காட்டும் பெட்டி செய்து கொடுப்பது தொழில். பெட்டிக்குள் இருக்கும் போர்டு, வயர், சால்டரிங் எல்லாம் பீம்ராவ். அந்த போர்டில் ஓடுகிற புரோகிராம் ஹுமாயூன். முதலாளி அஜீசுன்னிசா. புருஷன் ஆரம்பித்த கம்பெனியை அவர் இறந்த பிறகும் இழுத்து மூடாமல் நடத்திக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் அவர் அக்கா.

ஹுமாயூன் ராயபுரத்தில் ரயிலேறுவான். கதவோரம் இடம் பிடித்து, ஒரு காலைக் குறுக்கே நீட்டிக்கொண்டு வருவான். கொருக்குப்பேட்டையில் பீம்ராவ் ஏறியதும்தான் அந்தக் காலை எடுப்பான். “இன்னா மாமு, நேத்து வுட்ட எடத்துலயே தான் நிக்குதா?” என்று ஆரம்பித்தால் திருவொற்றியூர் வரைக்கும் எர்ரர் பேச்சுதான். ஒருத்தன் கல்யாணம், இன்னொருத்தன் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, எல்லாம் எர்ரருக்கும் எர்ரருக்கும் நடுவில் ஒரு வரியாக வந்து போகும். பீம்ராவின் அம்மா இறந்து அவன் திரும்ப வேலைக்கு வந்த அன்றுகூட ஹுமாயூன் கேட்டது, “அந்த டிஸ்ப்ளே பிரச்சன இன்னா ஆச்சி?” என்றுதான். பீம்ராவ் பதில் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் அழுதுவிட்டான். மற்றவர்கள் பார்க்காதபடி ஹுமாயூன் முதுகைத் திருப்பி நின்று அவனை மறைத்துக்கொண்டான்.

அப்புறம் பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனி கூப்பிட்டது, ஹுமாயூன் போனான். போகவேண்டியதுதானே, யாராவது வேண்டாம் என்பார்களா? சென்ட்ரலுக்கு வழியனுப்பப் போன பீம்ராவ், “பாத்துப் போ” என்றான். அவன் “செரி” என்றான். அத்தனை வருஷச் சிநேகத்துக்கு ரெண்டு பேருமாகச் சேர்ந்து செலவழித்தது அந்த மூன்று வார்த்தைதான்.

போன புதிதில், பழைய பெட்டி ஒன்றில் வந்த கோளாறைப் பற்றி ரெண்டு தடவை பேசிக்கொண்டார்கள். கோளாறு தீர்ந்தது, பேச்சும் தீர்ந்தது. ரம்ஜான் வந்தது. வருஷா வருஷம் ராயபுரம் வீட்டு வாசலில் நின்று, “இன்னாடா, பிரியாணிக்கு தம் போட்டாச்சா இல்லியா?” என்று தெருவே கேட்கக் கத்துகிறவன் பீம்ராவ். இந்த வருஷம் ஹுமாயூன் பெண்டாட்டி பிள்ளையோடு பெங்களூரிலேயே பெருநாள் கொண்டாடிவிட்டான். பீம்ராவ் போனைக் கையில் வைத்துக்கொண்டு ‘ஈத் முபாரக்’ என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். டிவியில் செய்தி வாசிப்பவர் சொல்வது போல இருந்தது. போனை வைத்துவிட்டு, வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில், அம்மா மாட்டிவைத்த புத்தர் படத்துக்கு எதிரே உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்துத் தின்றுவிட்டுப் படுத்தான். இப்போது அவனை மாமு என்று கூப்பிட ஆள் கிடையாது. அக்காவுக்கு அவன் பீம்ராவு, கீழே பிளைவுட் கடைக்காரருக்கு மாடி சார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்காமல் அவனுக்குக் காது நமநமத்தது என்றால் நம்புவீர்களா? உண்மைதான்.

பொங்கல் முடிந்ததும் புது போர்டு வந்து இறங்கியது. பழைய போர்டைச் செய்வதை நிறுத்திவிட்டார்களாம். புதியதில் பிராசஸரே வேறு, பழைய புரோகிராம் எதுவும் ஓடாது. முக்கியமாக, லைப்ரரி என்று சொல்கிற, கோடு வரைகிற புரோகிராம் கட்டு ஓடாது. அது எந்த நாட்டிலோ யார் யாரோ சம்பளம் வாங்காமல் எழுதி, இன்டர்நெட்டில் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கிற சாமான். அவர்கள் எழுதின மூலத்தை, அதாவது சோர்ஸை இறக்கி, நம் போர்டுக்குப் புரிகிற பாஷைக்கு நாமே மாற்றிக்கொள்ள வேண்டும், அதற்குப் பெயர் கம்பைல். போர்டோ உள்ளங்கை அகலம், அதற்குள் அவ்வளவு பெரிய வேலையைச் செய்ய முடியாது. அதனால் மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டரில் செய்து, போர்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும். செய்கிற மெஷின் ஒன்று, ஓடுகிற மெஷின் வேறு. ஹுமாயூன் இதற்கு வைத்திருந்த பெயர் பொறந்த வூடு, பூந்த வூடு. “பூந்த வூட்டு பேர ஒயிங்கா எய்தி குடு மாமு, இல்லாங்காட்டி பொண்ணு அம்மா வூட்டுலயே குந்திகினு வாழாது” என்பான்.

கம்பைல் பண்ணுவதற்கு முன்னால் கான்ஃபிகர் என்று ஒன்றை ஓட்ட வேண்டும். இது இருக்கா, இருக்கு. அது இருக்கா, இல்லை என்று அது பாட்டுக்குத் திரை முழுக்கக் கேட்டுக்கொண்டே போகும், வாடகைக்கு வீடு தேடிப் போனவனை வீட்டுக்காரர் வாசலில் நிறுத்திவைத்துக் கேட்கிற மாதிரி. ஹுமாயூனுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால், ஆபீசுக்குப் பக்கத்தில் ரெண்டு பேருமாக ஒரு ரூம் எடுக்கலாம் என்று அலைந்தார்கள். ஒரு வீட்டுக்காரர் என்ன வேலை, எந்த கம்பெனி, ஊருக்கு எப்போது போவீர்கள் எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் பெயரைக் கேட்டார். ஒருத்தன் பீம்ராவ் என்றான், இன்னொருத்தன் ஹுமாயூன் என்றான். அந்த மனுஷனுக்கு உடனே ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் குடிவரப் போவது ஞாபகம் வந்துவிட்டது. தெருமுனை வரைக்கும் அடக்கிக்கொண்டு வந்து ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்காமல் வேறென்ன செய்வது? அதற்கப்புறம் கான்ஃபிகர் ஓடும்போதெல்லாம் ஹுமாயூன் திரையைக் காட்டுவான். “பாத்தியா, எல்லாத்தியும் கேக்குது, நம்ம பேர மட்டும் கேக்கல. நல்ல வூட்டுக்காரன்டா இவன்.”

இப்போது பீம்ராவ் தனியாக உட்கார்ந்து அதை ஓட்டினான். கேள்விகளைத் தாண்டியது. கம்பைல் பாதி வழி வரைக்கும் போனது. அங்கே முட்டிக்கொண்டு நின்றது. கோட்டுக்குப் பக்கத்தில் எண்ணும் எழுத்தும் போட வேண்டும் அல்லவா, அவற்றின் உருவங்களைத் தயார் பண்ணுவதற்காக அந்த லைப்ரரி நடுவழியில் ஒரு குட்டி புரோகிராமைச் செய்து அங்கேயே ஓட்டிப் பார்க்கிறது. அந்தக் குட்டியும் போர்டுக்கென்று செய்தது. கம்ப்யூட்டரில் எப்படி ஓடும்? முடியாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு எல்லாம் நின்றுவிட்டது. பழைய போர்டுக்கு இந்த இடத்தை ஹுமாயூன் எப்படித் தாண்டினான் என்று பீம்ராவுக்குத் தெரியாது. அன்றைக்கு இவன் பக்கத்து மேஜையில் சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தான்.

“இன்னா பீம்ராவு, மூஞ்ச தொங்க போட்டுகினு கீற?” என்றார் அக்கா.

“நடுவுல நிக்குதுக்கா. இன்னான்னு தெர்ல.”

“ஹுமாயூனுக்கு ஒரு போன் போடேன். நம்ம புள்ள தான அவன்? ஆபீஸ் போன்லியே போடு.”

பீம்ராவுக்கு உடம்பே லேசாகிவிட்டது. காரணம் கிடைத்துவிட்டது! அதுவும் அசல் எர்ரர், அவனைத் தவிர வேறு யாரிடமும் கேட்க முடியாத எர்ரர். ரயிலில் திரும்பும்போது, “இன்னா மாமு, ஒரு பேஜாரு” என்று எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான். பக்கத்தில் நின்ற ஆள் ஒரு மாதிரி பார்த்தான். சனிக்கிழமை மத்தியானம் அக்கா சீக்கிரம் போய்விடுவார், அப்போது நிதானமாகப் பேசலாம் என்று ஒத்திப்போட்டான்.

அங்கேதான் புத்தி கெட்டது. சனிக்கிழமை வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே? ஊஹூம். நின்றுபோன வேலை மேஜைமேல் கிடக்கும்போது அவனுக்குக் கை சும்மா இருக்காது. வெள்ளிக்கிழமை டீக்கடையில் நிற்கும்போது தோன்றித் தொலைத்துவிட்டது: அந்தக் குட்டியை மட்டும் முதலில் கம்ப்யூட்டருக்கென்றே ஒரு தடவை செய்து தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் போர்டுக்குப் பண்ணும்போது, ‘இந்தா, இதை ஓட்டிக்கோ’ என்று கொடுத்துவிட்டால் என்ன? டீயைப் பாதியில் வைத்துவிட்டு மாடியேறினான். செய்தான். ஓடியது. சனிக்கிழமை காலையில் புது போர்டின் திரையில் கோடு ஏறி இறங்கி, பக்கத்தில் எண்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

“சோக்கா கீதுப்பா!” என்றார் அக்கா. “அப்போ ஹுமாயூன தொந்தரவு பண்ண வேணாம்.” சொல்லிவிட்டு மத்தியானமே வண்ணாரப்பேட்டைக்குக் கிளம்பிவிட்டார்.

அட மடையா, யார் உன்னைக் கண்டுபிடிக்கச் சொன்னது? இத்தனை மாதம் கழித்து வந்த ஒரே ஒரு காரணத்தை உன் கையாலேயே தீர்த்துக் கட்டிவிட்டாயே. பீம்ராவ் நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கீழே ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நகராமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. வேலை முடிந்திருந்தது. வேலை முடிந்த சந்தோஷத்தைச் சொல்லக்கூட ஆளில்லை. எழுந்து போய் ஆபீஸ் போனை எடுத்தான். பொய் சொல்லப் போகிறோம் என்று தெரிந்தேதான் எடுத்தான்.

“சொல்லுங்கக்கா,” என்றது ஹுமாயூனின் குரல். நம்பரைப் பார்த்துவிட்டு அக்கா என்று நினைத்திருக்கிறான்.

“நான் பீம்ராவ் பேசறேன்.”

“ஓ, பீம்ராவா! சொல்லுங்க. எப்படி இருக்கீங்க?”

சொல்லுங்க. இருக்கீங்க. மரியாதை கொடுத்தால் ஒரு மனுஷனுக்கு வலிக்குமா? வலிக்கும். இதற்கு அவன் நாலு கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் பீம்ராவ் கும்பிட்டு வாங்கிக்கொண்டிருப்பான். ரயிலில் சொல்லிப் பார்த்த வார்த்தையெல்லாம் தொண்டைக்குள் இறங்கிப் போயிற்று.

“நல்லா இருக்கேங்க,” என்றான். “ஒரு சின்ன எர்ரர். புது போர்டு. கோடு வரையற லைப்ரரி நடுவுல நின்னுடுது.”

“ஓ, அந்த எடமா? நடுவுல ஒரு சின்ன புரோகிராம் ஓடும், அது போர்டுக்குன்னு பண்ணதால கம்ப்யூட்டர்ல ஓடாது. முதல்ல கம்ப்யூட்டருக்குன்னு ஒரு தடவை பண்ணி அதைத் தனியா எடுத்து வச்சிக்கோங்க. அப்புறம் போர்டுக்குப் பண்ணும்போது அதைக் குடுத்துடுங்க. அவ்வளவுதான். ட்ரை பண்ணிப் பாருங்க. வேற ஒண்ணும் இல்லையே?”

அவ்வளவுதானாம். ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டான். அடுத்த வார்த்தை ‘வச்சிடட்டுமா’ என்பதுதான், அது வருகிற சத்தம் கேட்கிற மாதிரியே இருந்தது.

“இல்ல இல்ல,” என்றான் பீம்ராவ் அவசரமாக. “அத்த பண்ட்டேன். அப்பால வேற எர்ரர் வருது.”

“என்ன வருது?”

எதிரே திரையில் கோடு குஷியாக ஓடிக்கொண்டிருந்தது. “கணக்கு லைப்ரரி எங்கன்னு தெரிலன்னுது.”

“அது இருக்கற எடத்தைச் சொல்லிக் குடுத்தீங்களா?”

“குடுத்தேன்.”

“சரி, மறுபடி ஓட்டிப் பாருங்க. நான் லைன்ல இருக்கேன்.”

பீம்ராவ் கீபோர்டை வெறுமனே தட்டினான். அந்தப் பக்கம் கேட்க வேண்டுமே. தட்டிவிட்டுக் காத்திருந்தான். நிஜமாகவே ஓட்டினால் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தான். ஹுமாயூன் மூச்சு விடுவது கேட்டது. முன்பெல்லாம் ரெண்டு பேரும் இப்படித்தான், கம்பைல் ஓடி முடிகிற வரைக்கும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

“அதே தான் வருது,” என்றான்.

“அப்படியா? இருங்க, ஆபீஸ விட்டு வெளிய வரேன்.” கதவு சாத்துகிற சத்தம், படியில் காலடிச் சத்தம், தெருவின் இரைச்சல் வந்தன. “ஆங், இப்ப சொல்லு. பூந்த வூட்டு பேரு இன்னா போட்டுகீற?”

பீம்ராவ் ரிசீவரை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ‘சொல்லு’ வந்துவிட்டது. ‘வூடு’ வந்துவிட்டது. போர்டின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னான். சரியாகத்தான் இருக்கிறது என்றான் ஹுமாயூன். அப்படியானால் வேறெங்கோ பிசகு, வருகிற வரியை அப்படியே படி என்றான். படிப்பதற்கு எதிரே என்ன இருக்கிறது? பழைய போர்டு காலத்தில் வந்த ஒரு எர்ரரை ஞாபகத்திலிருந்து எடுத்து, திரையைப் பார்த்துப் படிக்கிறவன் போலத் திக்கித் திக்கிச் சொன்னான் பீம்ராவ்.

“அய்ய, இதுவா!” ஹுமாயூன் சிரித்தான். “மழைல ரயிலு நின்னுபோயி, தண்டவாளத்து மேலயே நடந்து வந்து சேந்தோமே, அன்னிக்கு நம்ம உசிர எட்த்துச்சே, அதே கேசு! இது இன்னும் சாவலியா?”

“சாவல.”

“இங்க எர்ரர் வந்தா பக்கத்து சீட்டு ஆளுக்கே மெயிலு தான் போடணும், தெரியுமா? திரும்பிக் கேக்கக்கூடாதாம். வந்த புச்சுல ஒரு நாளு வாய்ல ‘கீது’ன்னு வந்துட்ச்சி. ஒருத்தன் சிரிச்சான் பாரு, அப்டியே எல்லாரும் சிரிச்சானுங்க. அதிலேர்ந்து வாங்க, போங்க, சொல்லுங்க தான். வாயே கட்டிப்போச்சி. வூட்டாண்ட கூட அதே தான் வருது. யாருகிட்ட பேசறீங்கன்னு ஷாஸியா கேக்கறா.” ஷாஸியா அவன் பெண்டாட்டி.

பீம்ராவுக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த ‘சொல்லுங்க’ தன்னை விலக்கி வைத்த தூரம் இல்லை. அவனும் அங்கே தனியாகத்தான் கிடக்கிறான். இதைக் கேட்டுச் சந்தோஷப்படக் கூடாது. பாவி, சந்தோஷப்பட்டான். சந்தோஷத்தில் வாய் தாராளமாகிவிட்டது. அடுத்ததை யோசிக்காமல் எடுத்துவிட்டான்.

“அப்பால இன்னொண்ணு. கோடு வருது, எய்த்து மட்டும் வரல.”

“கோடு வருதா?”

“ஆமா. கோடு சோக்கா வருது. பக்கத்துல நம்பரு தான்...”

சொல்லும்போதே அவனுக்கு உறைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டான். ரொம்ப லேட்.

அந்தப் பக்கம் ஒரு ஆட்டோ ஹாரன் கேட்டது, யாரோ கன்னடத்தில் யாரையோ கூப்பிட்டார்கள்.

“மாமு,” என்றான் ஹுமாயூன். “கம்பைல் ஆவாம கோடு எப்டி வரும்? கோடு வந்துச்சின்னா அது போர்டுல ஓடிகினு கீதுன்னு அர்த்தம்.”

பீம்ராவ் இத்தனை மாதமாக எந்த வார்த்தைக்கு ஏங்கினானோ அது வந்துவிட்டது. திருட்டுப் பயல் மாதிரி அகப்பட்டுக்கொண்ட நேரம் பார்த்து வந்தது. காது மடல் ரெண்டும் சுட்டது. லைன் கட்டாகிவிட்டது என்று சொல்லிப் போனை வைத்துவிடலாமா என்றிருந்தது. கை வரவில்லை.

“எப்ப முட்ச்ச?” என்றான் ஹுமாயூன்.

“காலீல.”

“நீயேவா?”

“ம்.”

ஹுமாயூன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பெங்களூரில் குளிர் அதிகமாம், சொல்வார்கள். ரெண்டு பேரும் போனை வைக்கவில்லை.

“செரி,” என்றான் கடைசியில். “வேற இன்னா எர்ரர் கீது? ஒவ்வொண்ணா சொல்லு. நான் படிக்கட்டுல தான் குந்திகினு கீறேன்.”

பீம்ராவ் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“நெறைய கீது மாமு,” என்றான்.